அணிந்ததும் விழிக்கும் கடிகாரம்

டோக்கியோ மாநகரில் கின்ஸா என்றொரு கடைவீதிப் பகுதி உண்டு. நம் சென்னையின் தியாகராய நகரை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் நெரிசலையும் இரைச்சலையும் கழித்துவிட்டு, விலைவாசியை மட்டும் பன்மடங்காகப் பெருக்கிக் கொண்டால் கின்ஸா வந்துவிடும். அதன் நாற்சந்தியில், வளைந்த முகப்பு கொண்ட ஒரு கற்கட்டடம் நிற்கிறது. உச்சியில் மணிக்கூண்டு. 1932ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அக்கட்டடம், இரண்டாம் உலகப் போரின் குண்டு மழையில் சுற்றுப்புறம் கருகிய நாட்களிலும் தப்பி நின்றது. ஒரு மணி நேரத்துக்கொரு முறை அதன் மணி ஒலிக்கும்போது, வேகமாக நடந்து செல்லும் ஜப்பானியர்கள் கூட ஒரு கணம் தங்கள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக் கொள்கிறார்கள்.

2024 நவம்பரில் ஒரு வியாழக்கிழமைக் காலையில் நானும் அந்த நாற்சந்தியில் நின்று மணியோசையைக் கேட்டேன். என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. என்னிடமிருந்த கடிகாரம் மணிக்கட்டில் இல்லை. சட்டையின் உட்பையில், கைக்குட்டையில் பொதிந்து கிடந்தது. அது ஓடவும் இல்லை.

அக்கடிகாரம் என்னுடையதன்று. என் வாப்பாவுடையது. சரியாகச் சொல்லப்போனால், அது வாப்பாவுடையதும் அன்று. வாப்பாவின் வாரிசுகளாகிய நால்வருக்கும் உரியது. அதன் கதையைச் சொல்லாமல் என் டோக்கியோ பயணத்தைச் சொல்வது இயலாது.

வாப்பாவின் கடிகாரம்

எங்கள் ஊர் கீழக்கரை. சபுர் போய் வருகிறவர்களின் ஊர். எனது இளமையில், சபுராளி ஒருவர் ஊர் திரும்பினார் என்றால் அவரது பெட்டியில் கோடாலித் தைலமும், அத்தரும், சீக்கோ ஃபைவ் கடிகாரம் ஒன்றும் இருந்தே தீரும். சாவி கொடுக்கத் தேவையில்லாத கடிகாரம் அது. கை அசையும்போது உள்ளே ஒரு தகடு சுழன்று தானே வில்லை முறுக்கிக் கொள்ளும். ஆனால் இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுபோகும். மீண்டும் கட்டினால் ஓடும். எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலிருந்து ஓடும். காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் கடிகாரத்தை நம்பித் தொழுகை வக்தைத் தவற விட்டதெல்லாம் உண்டு.

வாப்பா துபாயில் இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்தார்கள். ஊரோடு வந்துவிட முடிவு செய்த 2000ஆம் ஆண்டில், தமக்கென்று வாங்கிய ஒரே விலையுயர்ந்த பொருள் அந்தக் கடிகாரம். இதுவும் சீக்கோதான். ஆனால் வேறு வகை. ‘இது தூங்கும், கட்டினால் முழிக்கும்’ என்று வாப்பா சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அவர்கள் அதை மூன்று நாட்களுக்கு மேல் கழற்றி வைத்ததே இல்லையாதலால், அது தூங்கியதை நாங்கள் கண்டதில்லை.

2016 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. லுஹருக்கு ஒளுச் செய்யக் கடிகாரத்தைக் கழற்றி என் தங்கையின் கையில் கொடுத்த வாப்பா, ஹவுளின் விளிம்பிலேயே சாய்ந்தார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அன்று மாலை யாரோ அக்கடிகாரத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஓர் இரவு இஷாவுக்குப் பின், வங்கிப் புத்தகம் ஒன்றைத் தேடி அலமாரியைத் திறந்தேன். உம்மா இத்தாவில் இருந்த நேரம் அது. புத்தகத்தின் மேல் கடிகாரம் கிடந்தது. முட்கள் ஆறு மணிக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தன. நின்றுபோயிற்று என்று எண்ணி, ஏதோ ஒரு நினைவில் அதைக் கையில் எடுத்து அசைத்தேன். சில நொடிகளில் முட்கள் தாமே சுழலத் தொடங்கின. விறுவிறுவென ஓடி, எட்டு மணி பத்து நிமிடத்தில் நிதானித்து, அதன்பின் அமைதியாக நகரத் தொடங்கின. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு மணி பத்து நிமிடம்.

தேதி மட்டும் மாறவில்லை. 12 என்றே இருந்தது. ஆகஸ்ட் 12. அதாவது, கழற்றி வைத்த பின் மூன்று நாட்கள் அது ஓடியிருக்கிறது. பிறகுதான் உறங்கியிருக்கிறது. இறந்தவருக்காக உறவினர் துக்கம் கொண்டாட மார்க்கம் அனுமதித்த நாட்களும் மூன்றுதான் என்பது அப்போது என் மனத்தில் தோன்றி மறைந்தது.

உம்மா எழுந்து வந்து பார்த்தார்கள். முகம் வெளிறியது. ‘வச்சிரு. யாரும் கட்டாதீங்க’ என்று மட்டும் சொன்னார்கள். வைத்துப் பூட்டினோம்.

காக்காவுக்கு அதைக் கட்டிக் கொள்ள ஆசை. மூத்த பிள்ளை, நியாயமான ஆசை. எனக்கும் ஆசை இருந்தது என்பதை மறைப்பானேன்? இருவரும் வாய் திறந்து கேட்டுக் கொள்ளவில்லை. கேட்டிருந்தால் கூட நல்லதாயிருக்கும். பாகப் பிரிவினைக்கு ஆலிம் ஹஜ்ரத் ஒருவரைக் கலந்தபோது, அவர் வீடு, நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் எழுதியபின், ‘அவர் உடம்பில் அணிந்திருந்தவை?’ என்று கேட்டார். அடக்கச் செலவும், கடனும், மரண சாசனமும் போக எஞ்சும் ஊசி முதல் எல்லாமே வாரிசுகளின் சொத்து. எல்லோரும் மனமொப்பாமல் ஒருவர் எடுத்துக் கொள்ளலாகாது என்றார். பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆண்மக்கள் இருவருக்கும் இரண்டிரண்டு பங்கு, தங்கைக்கு ஒரு பங்கு. நாற்பது பங்காக்கினால் 5, 14, 14, 7. நிலத்தை அளந்து பிரித்துவிட்டோம். கடிகாரத்தை எப்படி நாற்பதாக்குவது? அது அலமாரியிலேயே இருந்தது.

2021இல் மீண்டும் எடுத்துப் பார்த்தபோது எவ்வளவு அசைத்தும் அது விழிக்கவில்லை. இராமநாதபுரத்தில் ஒரு கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ‘உள்ளே சேமிப்பு செத்துப்போச்சு, இதுக்கு இங்கே உதிரி கிடைக்காது’ என்று மூடிக் கொடுத்தார்.

யோகோஹாமாவில் பணிபுரியும் என் மகன் எங்களை வரவழைத்தபோது, நால்வரும் பேசி, கடிகாரத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். ‘உன் பொறுப்பு’ என்றார் காக்கா. விமானத்தில் ஏறியது முதல் அதைச் சட்டைப் பையிலிருந்து நான் வெளியே வைக்கவில்லை. அமானிதப் பொருள் கனக்கும் என்பார்கள்; நூறு கிராம் சொச்சமே எடையுள்ள அக்கடிகாரம் உண்மையிலேயே கனத்தது.

உறங்கினாலும் எண்ணுவது

மணிக்கூண்டிலிருந்து சில நிமிட நடையில், அதே கின்ஸாவில், சீக்கோ நிறுவனத்தார் 2020ஆம் ஆண்டு முதல் ஓர் அருங்காட்சியகம் நடத்தி வருகிறார்கள். குறுகிய மனையில் அடுக்கடுக்காக உயர்ந்த கட்டடம். அனுமதிக் கட்டணம் இல்லை. உள்ளே பேச்சுக் குரல் கேட்பதில்லை. பலவகைக் கடிகாரங்களின் டிக்டிக் ஓசைதான் கேட்கிறது.

வாப்பாவின் கடிகாரத்தின் உறவினர்களை ஒரு கண்ணாடிப் பேழையில் கண்டேன். மகன் விளக்கங்களைப் படித்துச் சொல்ல, பல ஆண்டுகளாக எனக்குப் புதிராயிருந்தது அங்கே விடுபட்டது.

1969 டிசம்பர் 25 அன்று இந்நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை 450,000 யென். அந்நாளில் ஒரு சிறிய மோட்டார் காரின் விலை. வில்லுக்குப் பதில் மின்கலம். ஊசலுக்குப் பதில் ஒரு படிகத் துண்டு. மின்சாரம் பட்டால் படிகம் மாறாத கதியில் அதிரும். இன்றைய கடிகாரங்களில் நொடிக்கு 32,768 முறை. அந்த அதிர்வுகளை ஒரு சில்லு எண்ணி எண்ணி ஒரு நொடியை அளந்து கொடுக்கிறது. துல்லியத்தில் வில் கடிகாரங்கள் இதனருகே நிற்க முடியாது. ஆனால் ஒரு குறை. மின்கலம் தீர்ந்தால் மாற்ற வேண்டும். சீக்கோ ஃபைவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு உணவு அணிந்தவரின் கை வீச்சு.

இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற கேள்விக்கு விடையாக ஒரு மாதிரியை 1986இல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் கண்காட்சியில் வைத்தார்கள். 1988இல் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் ‘கைனெடிக்’ என்ற பெயரில் உலகறிந்தது இதுதான். உள்ளே அரைவட்டமாக ஒரு கனத்த தகடு. கை அசைய அது ஆடுகிறது. பற்சக்கரங்கள் அந்த ஆட்டத்தைப் பெருக்கி, ஒரு சின்னஞ்சிறு காந்தத்தை நிமிடத்திற்கு 100,000 சுற்று வரை சுழற்றுகின்றன. காந்தத்தைச் சூழ்ந்த கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. நம் மிதிவண்டிச் சக்கரத்தில் உரசி விளக்கெரித்த டைனமோவை நினைவிருக்கிறதா? அதே கருவிதான், அவரை விதையைவிடச் சிறிதாக.

1990களின் இறுதியில் இதன்மேல் இன்னொரு நுட்பத்தை ஏற்றினார்கள். அதுதான் வாப்பாவின் கடிகாரம். 72 மணி நேரம் கை அசைவே இல்லையென்றால், ‘என்னை யாரும் அணியவில்லை’ என்று அது அறிந்து கொள்கிறது. அறிந்ததும் முட்களை நிறுத்திவிடுகிறது. ஏனெனில் முட்களை நகர்த்துவதற்குத்தான் மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். ஆனால் படிகமும் சில்லும் உறங்குவதில்லை. இருட்டுக்குள் அவை நொடிகளை எண்ணிக் கொண்டே இருக்கின்றன. மறுபடி யாரேனும் எடுத்து அணிந்தால், அந்த அசைவில் பிறக்கும் மின்சாரமே அழைப்பு. முட்கள் ஓடிச் சென்று நடப்பு நேரத்தில் நிற்கின்றன. நிறைவாக மின்னேறியிருந்தால் நான்கு ஆண்டுகள் வரை இப்படிக் காத்திருக்கும்.

நான்கு ஆண்டுகள்! நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2016 முதல் 2020 வரை, பூட்டிய அலமாரியின் இருளில், ஒவ்வொரு நாளும் ஐந்து வக்தும் அது எண்ணிக் கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் எடுத்துப் பார்த்த 2021இல் அதற்கு முன்பே அடங்கிவிட்டது. அப்பேழையின் முன்னால் நின்றபோது மனம் கலங்கிற்று. மகன் பார்த்துவிடக் கூடாதென்று அடுத்த அறைக்கு நகர்ந்தேன்.

அடுத்த அறையில் கிடைத்தது வேறொரு வியப்பு. பழைய ஜப்பானியக் கடிகாரங்கள். 1873ஆம் ஆண்டு பிறக்கும் வரை ஜப்பானியர்கள் நாம் இன்று பயன்படுத்தும் இருபத்து நான்கு சமமான மணிகளைப் பின்பற்றவில்லையாம். விடியலிலிருந்து அந்தி வரை ஆறு பாகம்; அந்தியிலிருந்து விடியல் வரை ஆறு பாகம். டோக்கியோவில் கோடைக்காலப் பகல் 14 மணி நேரத்திற்கும் அதிகம். குளிர்காலப் பகல் 10 மணி நேரத்திற்கும் குறைவு. ஆகவே கோடையில் பகற்பாகம் நீளும், இராப்பாகம் குறுகும். கடிகாரமோ சூரியனை அறியாத இயந்திரம். அதை இணங்கச் செய்ய, உள்ளே எடைகள் தொங்கும் இரண்டு குறுக்குத் தண்டுகளை வைத்தார்கள். ஒன்று பகலுக்கு, ஒன்று இரவுக்கு. விடியலிலும் அந்தியிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது தானே மாறிக் கொள்ளும். பருவம் நகர நகர எடைகளைக் கையால் தள்ளி வைப்பார்கள்.

சுபுஹு முதல் இஷா வரை சூரியனின் போக்கை வைத்தே நாளை வகுத்துக் கொள்ளும் நமக்கு இது எளிதில் விளங்கிவிடுகிறது. நம் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையும், நிமிடங்களை இங்குமங்கும் தள்ளி வைக்கும் ஓர் எடைத் தண்டுதானே! மகனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, தன் கைபேசி பாங்கு நேரத்தைத் தானே கணக்கிட்டுக் கொள்வதைக் காட்டினான். இந்தப் பிள்ளைகளுக்கு எதையுமே வியப்பாகச் சொல்ல முடியவில்லை.

உருகிய கடிகாரங்கள்

அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது ஒரு கரிக்கட்டியின் முன்னால். கருகி, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன சட்டைப்பைக் கடிகாரங்களின் பிண்டம் அது.

நிறுவனரான கின்தாரோ ஹத்தோரி 1860இல் டோக்கியோவில் பிறந்தவர். 1881இல் கடிகாரம் விற்கவும் பழுது பார்க்கவும் ஒரு கடை திறந்தார். 1892இல் தொழிற்சாலை. 1913இல் ஜப்பானின் முதல் கைக்கடிகாரம் அங்கிருந்து வந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1923 செப்டம்பர் 1 அன்று நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பெரும் பூகம்பம். பகலுணவுக்காக வீடுதோறும் அடுப்பு எரிந்து கொண்டிருந்த வேளை. மரவீடுகள் நிறைந்த நகரம் தீப்பிடித்துக் கொண்டது. தொழிற்சாலையும் சாம்பலாயிற்று. அப்போது ஹத்தோரிக்கு வயது அறுபத்து இரண்டு.

அந்தத் தீயில், பொதுமக்கள் பழுது பார்க்கக் கொடுத்திருந்த கடிகாரங்களும் அழிந்தன. ஏறக்குறைய 1,500. ஹத்தோரி என்ன செய்தார் தெரியுமா? செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். கடிகாரம் கொடுத்து வைத்தவர்கள் வந்து சொன்னால், அதற்கு நிகரான புதிய கடிகாரத்தை இலவசமாகப் பெற்றுக் கொள்ளலாம் என்று அறிவித்து, அவ்வாறே கொடுத்தார். தம்முடைய உடைமையெல்லாம் எரிந்துபோன ஒரு மனிதர்!

பொறுப்பேற்றவரின் கவனக்குறைவின்றி, யாராலும் தடுக்க இயலாத பேரிடரில் அமானிதப் பொருள் அழிந்தால் ஈடு கொடுக்கக் கடமையில்லை என்பதுதான் நம் ஃபிக்ஹு நூல்கள் பொதுவாகக் கூறும் சட்டம். கடமையில்லாத இடத்திலும் கொடுத்தார் அவர். இஸ்லாத்தை அறியாத ஒருவர். நான் உட்பையைத் தொட்டுப் பார்த்துக் கொண்டேன். எனக்குள் அதுவரை ஓர் எண்ணம் ஓடிக் கொண்டிருந்தது: நான் செலவழித்துச் சரி செய்தால், அதன்பின் அது எனக்குத்தான் என்று காக்கா ஒப்புக் கொள்ள மாட்டாரா? இதை இங்கே எழுதுவதற்குக் கூச்சமாயிருக்கிறது. உருகிய அந்தக் கட்டியின் முன்னால் அந்தக் கூச்சம் இன்னும் அதிகமாயிருந்தது.

ஒளுச் செய்யுமிடத்தில்

மறுநாள் வெள்ளி. நிலத்தடி ரயிலில் யோயோகி உயஹாரா நிலையத்தில் இறங்கி டோக்கியோ ஜாமிக்குச் சென்றோம். ரஷ்யப் புரட்சிக்குப் பின் அடைக்கலம் தேடி வந்த தாத்தாரிய முஸ்லிம்களின் முயற்சியால் 1938இல் அங்கே முதல் பள்ளிவாசல் எழுந்தது. அது பழுதடைந்து 1986இல் இடிக்கப்பட்டபின், துருக்கியின் உதவியோடு இப்போதுள்ள பள்ளி கட்டப்பட்டு 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உதுமானியப் பாணியில் குவிமாடம், ஒற்றை மினாரா, நீலமும் தங்கமுமாக எழுத்தணி. டோக்கியோவின் சாம்பல் நிறக் குடியிருப்புகளுக்கு நடுவே அதைக் காணும்போது நெஞ்சு நிறைகிறது. இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்; இங்கே நான் சொல்ல வந்தது அதன் ஒளுச் செய்யுமிடத்தைப் பற்றி.

எனக்கு அடுத்து ஓர் இந்தோனேசிய இளைஞர் அமர்ந்தார். கையிலிருந்த கணினிக் கடிகாரத்தைக் கழற்றினார். கழற்றிய மாத்திரத்தில் அதன் முகத்தில் ஒரு பூட்டுச் சின்னம் தோன்றி, முகம் இருண்டது. ஒளு முடித்து, துடைத்துக் கட்டியதும் அது விழித்து இரகசிய எண்ணைக் கேட்டது. அவர் பொறுமையாக அழுத்தினார். மகன் சொன்னான்: ‘ஒரு நாளைக்கு ஐந்து தடவை இதே வேலை, வாப்பா. எனக்கும் அப்படித்தான்.’ உருவாக்கிய பொறியாளர்கள் ஐந்து வேளை ஒளுவை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்!

இக்கடிகாரங்கள் கையை அறியும் முறை வேறு. அடிப்புறத்தில் சிறு விளக்குகள் இருக்கின்றன. அவை தோலின் மீது ஒளி பாய்ச்சுகின்றன. திரும்பி வரும் ஒளியை ஓர் உணரி அளக்கிறது. தோல் அருகில் இருந்தால் ஒளி ஒரு விதமாகத் திரும்பும். கழற்றிவிட்டால் வேறு விதம். அந்த விளக்கு பெரும்பாலும் பச்சையாக இருப்பதற்குக் காரணம், குருதி பச்சை ஒளியை நன்கு உறிஞ்சிக் கொள்ளும் என்பது. ஒவ்வொரு துடிப்பிலும் குருதி கூடிக் குறைய, திரும்பும் ஒளியும் கூடிக் குறையும். அதைக் கொண்டே நாடித்துடிப்பை எண்ணிவிடுகிறார்கள். காதில் வைத்ததும் பேசத் தொடங்கி, எடுத்ததும் மௌனமாகும் சிறு ஒலிபெருக்கிகளும் ஏறக்குறைய இவ்வழியே காதை அறிகின்றன.

வாப்பாவின் கடிகாரமோ தோலைப் பார்ப்பதில்லை, குருதியைப் பார்ப்பதில்லை. அசைவு ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதனால்தான் என் கையை அது வாப்பாவின் கையென்று எடுத்துக் கொண்டது. கை யாருடையது என்று கேட்கத் தெரியாத கடிகாரம்.

குத்பா முடிந்து தொழுதபின், வாப்பாவுக்காக துஆச் செய்துவிட்டு ஒகாச்சிமாச்சிக்குப் புறப்பட்டோம். உயனோவுக்குப் பக்கத்தில் நகை வணிகர்கள் நிறைந்த பகுதி அது. நம் நாட்டு வியாபாரிகளையும் அங்கே காணலாம். ஒரு சந்தில், தையற்கடை அளவேயுள்ள கடையில் முதியவர் ஒருவர் கடிகாரங்களைப் பழுது பார்த்துக் கொண்டிருந்தார். கைக்குட்டையைப் பிரித்து நீட்டினேன். அவர் இரு கைகளாலும் வாங்கி, முதலில் தலை தாழ்த்தினார். பிறகுதான் கண்ணாடி வில்லையை எடுத்து மாட்டிக் கொண்டார்.

பின்மூடி திறந்தது. மகன் மொழிபெயர்த்தான். இயந்திரத்தில் பழுதில்லை. சேமிப்பு மின்கலம்தான் முற்றிலும் வடிந்து பயனற்றுப் போயிருக்கிறது. ஓட விட்டிருந்தால் இன்னும் சில காலம் இருந்திருக்கும். உதிரி தம்மிடம் உண்டு.

மாலை நான்கரைக்கெல்லாம் மஃரிப் வந்துவிடும் பருவம் அது. பக்கத்துத் தெருவிலிருந்த சிறு பள்ளியில் அஸர் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. கடிகாரத்தை ஒரு சிறு தட்டின் மீது வைத்து மின்னேற்றிக் கொண்டிருந்தார். நொடிமுள் நகர்ந்து கொண்டிருந்தது. டோக்கியோ நேரம் வைத்திருந்தார். மூன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளி, எங்கள் ஊர் நேரம் வைக்கச் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. கழற்றிய பழைய மின்கலத்தை ஒரு காகித உறையிலிட்டு, அதையும் இரு கைகளாலும் கொடுத்தார். அதுவும் உங்கள் பொருள் என்றாராம்.

அன்றிரவு ரயிலில் அதைக் கையில் கட்டிக் கொள்ள எனக்கிருந்த ஆவலை அல்லாஹ் அறிவான். கட்டவில்லை. பையிலேயே வைத்திருந்தேன். நான் நடக்க நடக்க அது தனக்கான உணவைத் தேடிக் கொண்டது.

நாற்பது பங்கு

2025 ஜனவரியில் ஒரு திருமணத்திற்காக எல்லோரும் ஊரில் கூடியிருந்தோம். உம்மாவின் முன்னால் கைக்குட்டையைப் பிரித்தேன். ஓடிக் கொண்டிருந்த கடிகாரத்தைக் காக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ‘செலவு பண்ணுனது நீ. நீயே கட்டிக்கோ’ என்றார். ‘மூத்தவர் நீங்க’ என்றேன் நான். இப்படி இருவரும் விட்டுக் கொடுத்த அந்த ஐந்து நிமிடத்தை, எட்டாண்டுகளுக்கு முன்பே பேசியிருக்கலாம். தங்கை ஒன்றும் சொல்லாமல் அழுதாள். வாப்பா கடைசியாகக் கழற்றிக் கொடுத்தது அவள் கையில் அல்லவா?

உம்மா கேட்டார்கள்: ‘பூட்டி வச்சதுனாலதான் செத்துச்சுன்னு அந்த மனுஷன் சொன்னாரா?’

நான் அப்படியே ஆம் என்று சொல்லத் தயங்கினேன். கை ஆடிக் கொண்டிருந்தால் இன்னும் ஓடியிருக்கும் என்றுதான் சொன்னார் என்றேன்.

‘யாரு கையா இருந்தாலுமா?’

‘யாரு கையா இருந்தாலும், உம்மா.’

உம்மா தம் இடக்கையை நீட்டினார்கள். கனத்த எஃகுப் பட்டை, மெலிந்த மணிக்கட்டில் முழங்கை வரை ஏறி இறங்கியது. சிறு பிள்ளைகள் சிரித்தார்கள்; உம்மாவும் சிரித்தார்கள். ஆலிம் ஹஜ்ரத்திடம் சென்று கேட்டோம். மூவரும் மனமொப்பி இருக்கிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டார். ஒப்பினோம். அனுபவிக்கும் உரிமையை மட்டும் உம்மாவுக்குக் கொடுக்கிறீர்களா, பங்கையே விட்டுக் கொடுக்கிறீர்களா என்று அடுத்துக் கேட்டார். காக்கா உடனே, ‘உம்மா கட்டட்டும். பங்கு பங்காவே இருக்கட்டும்’ என்றார். தங்கையின் ஏழு பங்கு அவள் வாய் திறந்து விடாத வரை அவளுடையதே என்பதை நானும் அப்போதுதான் மனமார நினைத்தேன்.

கடைவீதியில் பட்டையிலிருந்து மூன்று கண்ணிகளைக் கழற்றி உம்மாவின் கைக்கு அளவாக்கினோம். சமையற்கட்டுக்கும் முற்றத்துக்கும் நடக்கையிலும், தஸ்பீஹ் உருட்டுகையிலும் அவர்களுடைய கை ஓய்வதில்லை. ஆகையால் கடிகாரமும் உறங்கவில்லை. ஒளுவுக்குக் கழற்றும்போது பக்கத்தில் யார் இருந்தாலும் அவர் கையில்தான் கொடுக்கிறார்கள்; தரையில் வைப்பதில்லை. கழற்றிய மூன்று கண்ணிகளையும், டோக்கியோ முதியவர் கொடுத்த பழைய மின்கலத்தையும், 5, 14, 14, 7 என்று ஹஜ்ரத் எழுதிக் கொடுத்த தாளையும் ஒரே உறையிலிட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம்.